பென்சிலுக்குக் கறுக்கத் தெரியாது

முகத்தைத் திருத்துவது கம்ப்யூட்டர் வந்த பிறகு நேர்ந்த கேடு என்றொரு பேச்சு நம்மிடையே உண்டு. அசல் முகம் ஒன்று இருந்தது, கேமரா அதை உள்ளபடியே பிடித்துக் கொடுத்தது, மென்பொருள் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று இந்தப் பேச்சு நம்மை நம்பச் சொல்கிறது. வரலாறு அப்படி நடக்கவில்லை. புகைப்படக் கண்டுபிடிப்பு உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். பதினாறே வருஷத்தில், 1855 பாரிஸ் கண்காட்சியில், ம்யூனிக் நகரத்துப் புகைப்படக்காரர் ஃப்ரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் ஒரே முகத்தைத் திருத்தாமல் ஒரு படமாகவும் திருத்தி ஒரு படமாகவும் காட்சிக்கு வைத்துவிட்டார். ஆக, திருத்தலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. எந்தப் பக்கமாகத் திருத்துகிறார்கள், அதைத் தீர்மானிப்பது யார் என்பதுதான் கேள்வி.

அந்தக் காலத்துப் புகைப்படத் தகடு நீல ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கும். சிவப்புக்கு அது கிட்டத்தட்டக் குருடு. அதனால் தோலிலுள்ள செம்மையும் பழுப்பும் படத்தில் கறுத்து விழும். நேரில் கண்ணுக்கே படாத செம்புள்ளி, தாளில் கரும்புள்ளியாகும். குறை தகட்டில் இருந்தது, திருத்தப்பட்டதோ முகம்.

திருத்திய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நெகட்டிவில் வெளிச்சமும் இருட்டும் தலைகீழ். முகத்திலுள்ள கரும்புள்ளி அங்கே தெளிந்த இடமாகத் தெரியும். ரீடச்சிங் செய்பவர் ஊசிபோல் சீவிய பென்சிலால் அந்த இடத்தை நுணுக்கமாக நிரப்புவார். அச்சில் அது வெளுத்துவிடும். பென்சிலின் கறுப்பு, தாளில் வெளுப்பாக மாறும். முகத்தைக் கறுக்க வேண்டுமென்றால் கத்தியை எடுத்து நெகட்டிவின் பூச்சைச் சுரண்டணும். கை தவறினால் நெகட்டிவே போச்சு. அதாவது கருவியில் சுலபமான வழி ஒரு பக்கம்தான் திறந்திருந்தது. நம்மூரில் பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கு 'கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பாத்துக்குங்க' என்று ஸ்டுடியோவில் சொல்லும் பெற்றோருக்கு அந்த வழியே போதுமானதாக இருந்தது. 'கலர்' என்றாலே வெளுப்பு என்று பொருள்கொள்கிற பேச்சு நம்முடையது. கருவியின் சாய்வும் சாதிச் சமூகத்தின் சாய்வும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஆனாலும் அங்கே பேச ஓர் ஆள் இருந்தார். 'அந்த மச்சத்த மட்டும் எடுத்துடாதீங்கண்ணே' என்று சொல்ல முடிந்தது.

வண்ணப்படம் வந்தபோது அந்த ஆளும் விலகத் தொடங்கினார். லேப்களில் நிறத்தைச் சரிபார்ப்பதற்காக கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று பேர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்புத் தோல் அடையாளமில்லாத நிழலாய்ப் போனதைப் பற்றி எழுந்த முறையீட்டைவிட, சாக்லேட்டும் மரச்சாமானும் படத்தில் சரியாக விழவில்லை என்ற விளம்பரதாரர்களின் முறையீடு நிறுவனத்தின் காதில் சீக்கிரம் ஏறியதாகப் பின்னாளில் பதிவாகியிருக்கிறது. பல நிறத்தவரும் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது.

ஓடும் படத்தில் முகத்தைத் தொடுவது அவ்வளவு லேசில்லை. நொடிக்கு 24 சட்டகம் என்றால் இரண்டு மணி நேரப் படத்துக்கு 1,72,800 சட்டகங்கள். எனவே வெகுகாலம் ஒளியமைப்பும் ஒப்பனையும் லென்ஸுக்கு முன் வைக்கும் மென்திரையுமே அந்த வேலையைச் செய்தன. 2006இல் 'எக்ஸ்-மென்: தி லாஸ்ட் ஸ்டாண்ட்' படத்தில் இரண்டு முதிய நடிகர்களைக் கணினியில் இளமையாக்கியபோது, அது பெருமுதலீட்டுப் படத்துக்கு மட்டுமே கட்டுப்படியாகும் காரியம். 2017இல் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் பதினான்காம் பதிப்பு, முகத்தைத் தானே கண்டுபிடித்து, கண், உதடு, கன்னம் என்று பிரித்து, அசைவோடு கூடவே போய்த் திருத்தும் வசதியைக் கொண்டுவந்தது. பல வாரத்து வேலை ஒரு ஸ்லைடருக்குள் அடங்கியது.

அந்த ஸ்லைடர் செய்வதென்ன? தோலின் பொதுவான நிறத்தை ஒரு பக்கமும் நுண்ணிய மேடுபள்ளங்களை இன்னொரு பக்கமும் பிரிக்கிறது, பின்னதை மழுக்குகிறது. தழும்பு, சுருக்கம், அம்மை வடு எல்லாம் அதன் கணக்கில் இரைச்சல். முகவடிவை மாற்றும் கருவிகளோ முகத்தின்மேல் புள்ளிகளை வைத்து வலை பின்னி, கண்ணைப் பெரிதாக்கித் தாடையை ஒடுக்குகின்றன. 'அழகு' எனத் தயாராக வைத்திருக்கும் அளவு எங்கிருந்து வருகிறது? ஃபேஸ்ஆப் என்ற செயலி 2017இல் முகங்களைக் கவர்ச்சியாக்குகிறேன் என்று சொல்லித் தோலை வெளுக்க வைத்தது. கண்டனம் எழுந்ததும், பயிற்றுவித்த படத்தொகுப்பின் சாய்வே காரணம் என்று அதை உருவாக்கியவர் மன்னிப்புக் கேட்டார். பென்சிலின் சாய்வு இப்போது தரவின் சாய்வு. பேசத்தான் ஆளில்லை.

விளம்பரங்களில் உடலையோ தோலையோ திருத்தினால் அப்படிக் குறிப்பிட வேண்டும் என்று 2021இல் நார்வே சட்டமியற்றியது. நல்லதுதான். ஆனால் இந்தச் சட்டம் விலகலுக்குச் சீட்டு ஒட்டுகிறதே தவிர, எதிலிருந்து விலகல் என்பதைத் தீர்மானிக்கும் கருவிக்கு ஒட்டுவதில்லை.

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம் உண்டு. நம் நண்பர்கள் பலர் ஆவணப்படம் எடுக்கிறார்கள். உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவரின் முகம் எடிட்டிங் மேசைக்கு வரும்போது, 'சும்மா லேசா ஸ்மூத் பண்ணிக்கலாம்' என்று கை தானாகப் போகிறது. அப்போது முதலில் அழிவது அந்த முகத்தின்மேல் அடித்த வெயில். உழைப்பு எழுதிவைத்த எழுத்து. படத்தில் அவர் கூலியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார், முகமோ அதற்குச் சாட்சி சொல்லாது. திருத்தவே கூடாது என்று நான் விதி போடவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று முகத்துக்குச் சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்போம். அதுவரை அந்த ஸ்லைடர் பூஜ்யத்திலேயே கிடக்கட்டும்.