கால் அணா அட்டையும் திறந்த உறையும்

தபால் கட்டணம் ஏறும்போதெல்லாம், இனி யார் கடிதம் எழுதுவார்கள் என்ற கேள்வி எழும். திருவண்ணாமலையின் அஞ்சல் வரலாறு அதற்குத் தெளிவான விடை தருகிறது: மலிவான வழி ஒன்று திறந்திருந்தவரை மக்கள் எழுதினார்கள். 1879இல் கால் அணா விலையில் தபால் அட்டை வந்தது. 1922இல் அட்டை அரை அணாவாகவும் உறைக் கடிதம் ஓரணாவாகவும் இரட்டித்தன. அதே ஆண்டின் இறுதியில்தான் திருவண்ணாமலை மலைமேல் வாழ்ந்த துறவி ரமணர் மலையை விட்டிறங்கி அடிவாரத்தில் தங்கினார். அங்கே எழுந்த ஆசிரமத்துக்கு வந்த கடிதங்கள் கட்டண உயர்வால் வற்றிவிடவில்லை; பெருகின. அலுவலகம் எழுதிய பதில்கள் ரமணரின் பார்வைக்குப் போன பிறகே தபாலில் சேர்ந்தன. 1945 முதல் சூரி நாகம்மா தம் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாயின. ரமணரின் கடைசி ஆண்டுகளை அறிய இன்றும் அவையே துணை.

விலையேற்றத்திலும் ஏழையின் பங்கைக் காக்கலாம் என்பதற்கு 1971 சான்று. அவ்வாண்டு ஏப்ரல் 14 அன்று ரமணருக்கு 20 காசு அஞ்சல்தலை வெளியானது. நவம்பர் 15 முதல் வங்கதேச அகதிகளுக்காகக் கடிதங்களுக்கு 5 காசு கூடுதல் வரி வந்தது. தபால் அட்டைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. உறைக்குக் கொடுக்க முடியாதவர்களுக்கு புக் போஸ்ட்டும் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் பொங்கல் வாழ்த்தும் வாய் ஒட்டாத உறையில், மடிப்பை உள்ளே செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதிக் குறைந்த விலை அஞ்சல்தலையோடு ஊர்ஊராகப் போயின. அஞ்சல் ஊழியர் பிரித்துப் பார்க்கலாம் என்பதே அந்தச் சலுகைக்கு விலை.

அஞ்சல் துறை நட்டத்தில் ஓடுகிறது, கைபேசி யுகத்தில் சலுகை எதற்கு என்று கேட்கலாம். நட்டம் உண்மைதான், அவசரத் தபாலுக்குக் கூடுதலாக வாங்குவதில் தவறில்லை. ஆனால் அச்சிட்ட புத்தகம் கைபேசியில் போகாது. கூரியர் இருக்கிறதே என்றால், ஜவ்வாது மலைக் கிராமங்களின் வாசல்வரை நாடெங்கும் ஒரே கட்டணத்தில் செல்லும் கடமை அஞ்சல்காரருக்கே உண்டு. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் பிரிவு நிறுத்தப்பட்டபோது பதிப்பாளர்களும் வாசகர்களும் எதிர்த்ததற்குக் காரணம் இதுவே. 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென ‘கியான் போஸ்ட்’ வந்தது: 300 கிராமுக்கு 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. சலுகை தேவை என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு இது அடையாளம்.

ஆனால் அதில் பருவ இதழ்களுக்கு இடமில்லை. பத்திரிகைகளுக்கான பழைய சலுகையும் 31 நாட்களுக்குள் ஒருமுறையாவது வெளிவருபவற்றுக்கே உரியதாக இருந்தது. ஆகவே, 1964இல் ஆர்தர் ஆஸ்போர்ன் ரமணாசிரமத்தில் தொடங்கிய ‘மவுன்டன் பாத்’ போன்ற காலாண்டிதழ்களும் சிற்றிதழ்களும் இரண்டுக்கும் நடுவே விடுபடுகின்றன. அவசரத் தபாலின் விலையை அரசு உயர்த்தட்டும். புத்தகத்துக்குக் கொடுத்த சலுகையைச் சிற்றிதழுக்கும் கொடுக்கட்டும்.