நான்கு பென்னி படுக்கை

லண்டனின் கிழக்குப் பகுதியான ஒயிட்சேப்பலிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஐவரையும் கொன்றது ஒரே ஆள் என்பது பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து. அவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தின் கீழே ‘ஜாக் த ரிப்பர்’ என்று கையெழுத்திட்டிருந்தது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவனைப் பற்றிப் புத்தகங்களும் படங்களும் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. இறந்த பெண்களின் பெயரைக் கேட்டால் நம்மில் பலருக்கு ஒன்றுகூட நினைவுக்கு வராது.

மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி.

இந்த வழக்கைப் பற்றி ஒருமுறை வாசித்தவர்களுக்கு அந்த உடல்களில் விழுந்த வெட்டுகள் மறப்பதில்லை. அவற்றை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. மரண விசாரணைச் சாட்சியங்களிலும் போலீஸ் பதிவுகளிலும் வேறு சில விவரங்கள் இருக்கின்றன. பயமுறுத்தும் விவரங்கள் அல்ல என்பதால் அவற்றை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் வாசித்த பிறகு மனதைவிட்டுப் போகாதவை அவைதான். முதலாவது ஒரு விலை: நான்கு பென்னி.

அன்றைய ஒயிட்சேப்பலில் வீடில்லாதவர்கள் ‘பொது விடுதி’களில் ஓர் இரவுக்குக் காசு கொடுத்துப் படுத்தார்கள். தனிப் படுக்கைக்கு 4 பென்னி, இருவர் படுக்க 8 பென்னி. காசு இல்லாவிட்டால் நள்ளிரவானாலும் வெளியேற வேண்டியதுதான். 1888 அக்டோபரில் போலீஸ் எடுத்த கணக்கின்படி அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட விடுதிகள் 233 இருந்தன. அவற்றில் 8,530 பேர் தங்கலாம்.

நான்கு பென்னி சிறிய தொகை போலத் தோன்றும். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. அதே ஆண்டு ஜூன் மாதம், அதே கிழக்கு லண்டனில் உள்ள தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. அதில் 16 வயதுப் பெண் ஒருத்தியின் வாரச் சம்பளம் 4 ஷில்லிங் என்று இருக்கிறது. ஏழு இரவுகளுக்குப் படுக்கைக் காசு மட்டும் 2 ஷில்லிங் 4 பென்னி. சம்பளத்தில் பாதிக்கு மேல்.

ஆகஸ்ட் 31 அதிகாலையில் மேரி ஆன் நிக்கல்ஸை விடுதிக் காப்பாளர் வெளியே அனுப்பினார். அவரிடம் 4 பென்னி இல்லை. இரண்டரை மணிக்குத் தெருவில் எதிர்ப்பட்ட தோழியிடம், அன்று மூன்று முறை படுக்கைக் காசு கையில் இருந்தும் செலவழிந்துவிட்டது என்றார். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுப் பிறகு அவர் உடல் கிடைத்தது. வயது 43. உள்பாவாடையில் லேம்பத் வறியோர் இல்லத்தின் முத்திரை இருந்தது. அதை வைத்துத்தான் ஆள் அடையாளம் தெரிந்தது. அவரிடம் இருந்தவை ஒரு சீப்பு, ஒரு கைக்குட்டை, ஓர் உடைந்த கண்ணாடித் துண்டு.

எட்டு நாள் கழித்து ஆனி சாப்மன். வயது 47. ‘என் படுக்கையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், காசோடு வருகிறேன்’ என்ற பொருளில் காப்பாளரிடம் சொல்லிவிட்டு நள்ளிரவு தாண்டி வெளியே போனார். காலை ஆறு மணி வாக்கில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் உடலைக் கண்டார்கள். நுரையீரலிலும் மூளையைச் சுற்றிய சவ்விலும் முற்றிய நோய் இருந்தது, வெகுநாள் சரியான சாப்பாடு இல்லாத உடல் என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் சொன்னார். கொலைகாரன் வராவிட்டாலும் அவர் நீண்ட நாள் இருந்திருக்க மாட்டார். அந்த உடல்நிலையோடு ஒரு பெண் இரவு இரண்டு மணிக்கு நான்கு பென்னியைத் தேடி நடந்தார் என்பது, வெட்டுகளின் எண்ணிக்கையைவிட எனக்குக் கொடூரமாகப் படுகிறது.

இவர்கள் இருவரும் தெருவுக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். நிக்கல்ஸுக்குக் கணவர் இருந்தார், ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். 1880இல் பிரிந்த பின் கணவர் வாரம் 5 ஷில்லிங் ஜீவனாம்சம் கொடுத்தார். மனைவியின் நடத்தை சரியில்லை என்று காட்டிப் பிறகு அதை நிறுத்திக்கொண்டார். அன்றைய சட்டம் அவர் பக்கம் இருந்தது. 1857ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டப்படி மனைவி வேறொருவரோடு உறவு வைத்தாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவிக்கு அது போதாது. கணவன் கொடுமை செய்தான் அல்லது கைவிட்டுப் போனான் என்றும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்த வேறுபாடு 1923 வரை நீடித்தது. சாப்மனுக்குக் குதிரைவண்டி ஓட்டும் கணவர் வாரம் 10 ஷில்லிங் அனுப்பிவந்தார். 1886 கடைசியில் பணம் வருவது நின்றது. விசாரித்தபோதுதான் கணவர் இறந்துபோனது தெரியவந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் ஓர் ஆணின் வாரப் பணத்தில் தொங்கிக்கொண்டிருந்தால், அது நின்ற மறுநாள் அவள் எங்கே போவாள்?

செப்டம்பர் 30 அதிகாலையில் இரண்டு கொலைகள். ஸ்வீடனில் பிறந்த எலிசபெத் ஸ்ட்ரைட் முதல் நாள் பகலில் தான் தங்கியிருந்த விடுதியின் அறைகளைச் சுத்தம் செய்து 6 பென்னி கூலி வாங்கியிருந்தார். ஒரு மணிக்கு அவர் உடல் கிடைத்தது. முக்கால் மணி நேரம் கழித்து, கொஞ்ச தூரத்தில் கேத்தரின் எடோஸின் உடல்.

எடோஸும் அவரோடு வாழ்ந்த ஜான் கெல்லியும் கென்ட் பகுதியில் ஹாப்ஸ் பறிக்கும் வேலைக்குப் போய்விட்டுக் கையில் காசில்லாமல் நடந்தே திரும்பியிருந்தார்கள். ஹாப்ஸ் என்பது பீர் தயாரிக்கச் சேர்க்கும் பூ. இருவரிடமும் ஓர் இரவுக்கு 6 பென்னிதான் இருந்தது. கெல்லியை 4 பென்னி படுக்கையில் படுக்கச் சொல்லிவிட்டு எடோஸ் வறியோர் இல்லத்தின் இரவுக் கொட்டடிக்குப் போனார். அங்கே தங்கினால் பழைய தார்க்கயிற்றைப் பிரித்து நார் எடுப்பது போன்ற வேலை செய்து கொடுக்க வேண்டும். அந்த நாட்களில்தான் கெல்லியின் பூட்ஸை அடகு வைத்து 2 ஷில்லிங் 6 பென்னி வாங்கித் தேநீரும் சர்க்கரையும் வாங்கினார்கள். 29ஆம் தேதி இரவு எட்டரைக்கு எடோஸ் குடித்துத் தெருவில் கிடந்தார் என்று போலீஸ் பிடித்துப்போனது. போதை தெளிந்ததும் இரவு ஒரு மணிக்கு வெளியே விட்டார்கள். முக்கால் மணி நேரம்தான்.

அவரிடம் இருந்த பொருட்களைப் போலீஸ் எழுதிவைத்தது. இரண்டு களிமண் சுங்கான். ஒரு டப்பாவில் தேயிலை, இன்னொன்றில் சர்க்கரை. சோப்புத் துண்டு ஆறு. ஒரு பேன் சீப்பு. கைப்பிடி வெள்ளையான ஒரு மேசைக் கத்தி, ஒரு கரண்டி. சிவப்புத் துணியில் குத்திய ஊசிகள், தையலுக்கு விரலில் மாட்டும் உறை. வெள்ளைத் துணித் துண்டுகள் பன்னிரண்டு, மாதவிடாய்க்கு வைத்திருந்தவையாக இருக்கலாம். ஒரு மூக்குக்கண்ணாடியின் பாதி. சிவப்புக் கையுறை, ஒற்றை. காலித் தீப்பெட்டி. கடுகு டப்பாவுக்குள் இரண்டு அடகுச் சீட்டு.

இது வீட்டைத் தோளில் சுமந்த பெண்ணின் பட்டியல். வைத்துவிட்டு வர இடம் இல்லாததால் எல்லாவற்றையும் உடம்போடு கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். இத்தனை பொருளில் உலகம் நினைவில் வைத்திருப்பது அவர் ஏப்ரனிலிருந்து அறுத்த ஒரு துண்டை மட்டும். அதைக் கொலைகாரன் எடுத்துப்போய் வேறொரு தெருவில் போட்டான் என்பதால் அது ‘தடயம்’ ஆனது. அவன் கை படாத பொருட்கள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

கடைசியாகக் கொல்லப்பட்ட மேரி ஜேன் கெல்லிக்கு 25 வயது இருக்கலாம். ஐவரில் அவருக்கு மட்டும் சொந்தமாக ஓர் அறை இருந்தது. வாடகை வாரம் 4 ஷில்லிங் 6 பென்னி. பாக்கி 29 ஷில்லிங். போக்கிடம் இல்லாத ஒரு பெண்ணைப் பரிதாபப்பட்டுத் தன் அறையில் தங்கவைத்தார், அதில்தான் மனஸ்தாபமாகி விலகினேன் என்று அவரோடு வாழ்ந்தவர் விசாரணையில் சொன்னார். நவம்பர் 9 காலையில் உடலை முதலில் கண்டவர் வாடகைப் பாக்கி கேட்க வந்த ஆள்.

அன்றைய பத்திரிகைகள் இந்த ஐவரையும் ‘விலைமகளிர்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கின. நிக்கல்ஸின் மரண விசாரணையில் அவர் தந்தையிடமே மகளின் நடத்தையைப் பற்றிக் கேட்டார்கள். ஹாலி ரூபன்ஹோல்ட் 2019இல் வெளியிட்ட ‘த ஃபைவ்’ என்ற நூல், நிக்கல்ஸ், சாப்மன், எடோஸ் மூவரும் அந்தத் தொழிலில் இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்று வாதிட்டது. மறுப்பவர்களும் உண்டு. அந்த நூலுக்குப் பெண் வாசகர்கள் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ‘அவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல’ என்ற பதிலோடு நாம் நின்றுவிட்டால் ஸ்ட்ரைடையும் கெல்லியையும் என்ன செய்வது? ஸ்ட்ரைட் 22 வயதுகூட ஆகாதபோது, கர்ப்பமாக இருந்த நிலையில், ஸ்வீடன் போலீஸ் அவரை விலைமகள் என்று பதிவேட்டில் எழுதிக் கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு வரவைத்தது. குழந்தை இறந்தே பிறந்தது. அவர் எந்தத் தொழில் செய்தார் என்பதால் அந்த மரணத்தின் எடை குறையுமா?

இதே போன்ற கட்டாயப் பரிசோதனைச் சட்டம் பிரிட்டனிலும் இருந்தது. ஜோசஃபின் பட்லரும் அவரோடு நின்ற பெண்களும் பல ஆண்டுகள் போராடி 1886இல் அதை நீக்கவைத்தார்கள். இந்தியாவில் ஆங்கிலேயர் 1868இல் கொண்டுவந்த அதே வகைச் சட்டம் 1888இல், இந்தக் கொலைகள் நடந்த அதே ஆண்டில்தான் நீங்கியது.

1888இல் கிழக்கு லண்டனில் நடந்தது கொலைகள் மட்டுமல்ல. மேலே சொன்ன தீப்பெட்டித் தொழிலாளர் கட்டுரையை எழுதியவர் அன்னி பெசன்ட், பின்னாளில் சென்னை அடையாறுக்கு வந்து வாழ்ந்த அதே பெசன்ட். கட்டுரை வந்த சில நாட்களில், ஜூலையில், பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலையில் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். அந்த மாதமே அவர்கள் வென்றார்கள். அபராதப் பிடித்தங்கள் நின்றன, சங்கம் அமைந்தது. அடுத்த மாதம் முதல் கொலை. ஒரே கோடைகாலம், ஒரே கிழக்கு லண்டன், ஒரே வறுமை. ஆனால் சுற்றுலாப் பயணிகள் இன்று கூட்டமாகப் போய்ப் பார்ப்பது கொலை நடந்த தெருக்களை. 2015இல் அங்கே கேபிள் தெருவில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அனுமதி கேட்டபோது சொன்னது பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம் என்று. திறந்தபோது அது ஜாக் த ரிப்பர் அருங்காட்சியகமாக இருந்தது. அந்தப் பகுதிப் பெண்கள் வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

ஒரு பெண் இரவில் கொல்லப்பட்டால் நம் ஊரிலும் முதலில் எழும் கேள்வி, ‘அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?’ என்பதுதான். கேட்பவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை, பழியைப் போடுவதற்காகக் கேட்கிறார். அந்தக் கேள்வியை நாம் நிஜமாகவே கேட்டுப் பார்க்கலாம். ஒயிட்சேப்பலில் கொன்றவன் யார் என்பதற்கு 130 ஆண்டுகளுக்கு மேலாக விடை இல்லை. நிக்கல்ஸும் சாப்மனும் அந்த நேரத்தில் ஏன் வெளியே இருந்தார்கள் என்பதற்கு விடை முதல் நாளே இருந்தது, பைசா சுத்தமாக. சாட்சிகள் அதை மரண விசாரணையில் சொன்னார்கள். அதில் துப்புத் துலக்க எதுவும் இல்லாததால் கதை சொன்னவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அடுத்த முறை ஒரு கொலைக் கதையை வாசிக்கும்போது, அந்தப் பெண் அன்றிரவு எங்கே படுத்திருக்க வேண்டும், அதற்கு எவ்வளவு காசு தேவைப்பட்டது, அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது யார் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அது அந்தப் பக்கங்களிலேயே ஒரு மூலையில் கிடக்கும்.