பஞ்சாரத்துக்குள் விடைக்கோழி

உப்பளத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆயா கோழி வளர்த்தார். சந்தையில் வாங்கிவந்த விடைக்கோழிகளை அவர் நேரே பழைய கோழிகளோடு விட்டதில்லை. முதலில் இரண்டு மூன்று வாரம் வாசல் பக்கம் தனியே வைத்திருப்பார். நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு பழையவை மேயும் இடத்திலேயே பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் விடுவார். ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. ஒரு வாரம் போனதும், இருட்டிய பின் புதியவற்றைத் தூக்கிக் கூட்டுக்குள் வைப்பார். மறுநாள் காலையில் இரையை நாலைந்து இடத்தில் இறைப்பார். "ஒத்தையா விடாத, ரெண்டு மூணா விடு. ஒண்ணா இருந்தா கொத்தியே கொன்னுடுங்க" என்பார்.

இந்த அறிவுக்கு வரலாறு உண்டா? தமிழ் இலக்கியத்தில் கோழி இருக்கிறது. குறுந்தொகை 139ஆம் பாடலில், மாலையில் காட்டுப்பூனையைக் கண்டு அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் வீட்டுக்கோழியைக் காட்டியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண் புலவர். பட்டினப்பாலையில், காயும் தானியத்தைக் கொத்தவரும் கோழியைப் பெண்கள் காதணியை எறிந்து விரட்டுகிறார்கள். கோழியும் பெண்ணும் ஒரே முற்றத்தில் நிற்கிறார்கள். அந்த முற்றத்தை நடத்திய முறை மட்டும் ஏட்டில் ஏறவில்லை.

ஏறியது வேறொன்று. நார்வே நாட்டு தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே (1894–1976) சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்துவைத்தவர். பெட்டைகளுக்குள் மேல் கீழ் வரிசை உண்டு என்ற அவருடைய ஆய்வு 1922-இல் அச்சேறியது. அந்தக் 'கொத்தும் வரிசை' பிறகு கோழிக்கூட்டைத் தாண்டி அலுவலகத்துக்கும் குடும்பத்துக்கும் உரிய சொல்லாயிற்று. அவர் படித்த காலத்தில் அந்நாட்டின் முதல் பெண் பேராசிரியராக இருந்தவர் கிறிஸ்டீன் போன்னெவி. 1912-இல் பதவியேற்ற விலங்கியலாளர். ஆண்கள் மட்டுமே இருந்த அவைக்குள் ஒற்றையாக நுழைந்தவர்.

வரிசை உண்மைதான். ஆயாவும் அதை மறுக்கவில்லை. புதியது வந்தால் பழையது கொத்தும் என்று தெரிந்துதானே பஞ்சாரம் தேடினார். ஆனால் அவருக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது: கொத்து எவ்வளவு, இரத்தம் வருமா வராதா என்பதைக் கோழியின் குணம் மட்டும் தீர்மானிப்பதில்லை. இடம் குறுகினால், தீனித்தட்டு ஒன்றே ஒன்றானால், ஓடி ஒளிய மறைவு இல்லையென்றால் கொத்து கூடும். அதை ஏற்பாடு செய்வது வளர்ப்பவர் கை.

'பெண்ணுக்குப் பெண்ணே எதிரி' என்பவர்கள் பார்க்க மறப்பது இதைத்தான். பெண்கள் கோழிகள் அல்ல. என்றாலும் புது மருமகளை ஒற்றையாக, ஒரே அடுப்பும் ஒரே சாவிக்கொத்தும் உள்ள வீட்டுக்குள் விட்டுவிட்டு, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடக்கும் சண்டையைப் பெண் இயல்பு என்று எழுதிவைத்தோம். அந்த வீட்டின் நிலமும் வருமானமும் யார் பெயரில் இருந்தன என்ற கேள்வி அந்தக் கதைகளில் அரிதாகவே எழும்.

முட்டை விற்ற காசு பெண்களின் சிறுவாடு. கணவர் கையில் போகாமல் பள்ளி நோட்டுக்கும் மருந்துக்கும் ஆன காசு. புதிய கோழியோடு வெள்ளைக்கழிச்சல் வந்தால் அந்தச் சேமிப்பு ஒரே வாரத்தில் அழியும். 1927-இல் இராணிக்கேத் மலையூரில் கண்டறியப்பட்டு அவ்வூரின் பெயரையே பெற்ற நோய் அது. ஆக, தனியே வைத்த அந்த வாரங்கள் வெறும் கோழிப் பக்குவம் அல்ல, ஒரு பெண்ணின் முதலீட்டுக்குப் பாதுகாப்பு.

2018-இல் தமிழ்நாடு அரசு 77,000 ஏழைக் கிராமப் பெண்களுக்கு ஆளுக்கு 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் தரும் திட்டத்தை அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் பல முற்றங்களில் ஏற்கெனவே கோழிகள் இருக்கும். ஐம்பது குஞ்சுகளைப் பழைய கூட்டத்தோடு எப்படிச் சேர்ப்பது என்பதை அந்தந்த ஊரின் மூத்த பெண்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். மாணவிகளே, அந்தக் குறிப்பேட்டை உங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து தொடங்குங்கள். நான் ஆயாவிடம் கேட்டவை மிகக் குறைவு.