பாய் முதல் போஸ் வரை: கேமரன் மலைத் தேநீர்க் கடையின் விளிச்சொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறைக் காலத்தில், பிரிஞ்சாங் நகரத்து உணவுக்கடை ஒன்றில் அமர்ந்திருந்தேன். மழைத்தூறலும் கூட்டமுமான மாலை. அடுத்த மேசையில் ஒரு தமிழ்க் குடும்பம். குடும்பத் தலைவர் தே தாரிக் கேட்டார், வந்தது. இனிப்பு மிகுதி என்று திருப்பி அனுப்பினார். இரண்டாவதாக வந்ததில் சூடு போதவில்லை என்றார். மூன்றாவதாக வந்தபோது, "தேயிலை விளையுற ஊர்லயே இப்படித் தண்ணியா குடுத்தா எப்படிடா?" என்று கடை முழுவதும் கேட்கும்படி அதட்டினார். பரிமாறியவர் வங்காளதேசத்திலிருந்து வந்த இளைஞர். "மன்னிச்சிருங்க அண்ணே, வேற போட்டுட்டு வரேன்" என்று தமிழிலேயே கூறிக் கோப்பையை எடுத்துச் சென்றார். முதியவனான நானும் ஒரு சொல் சொல்லவில்லை.

அந்த உரையாடலில் என்னை உறங்கவிடாமல் செய்தவை இரண்டு சிறு உறுப்புகள்: வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்த 'டா', பரிமாறியவர் வாயிலிருந்து வந்த 'அண்ணே'. இவ்விரண்டும் அந்த மலைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதே இவ்வுரையின் பொருள்.

கேமரன் மலையின் வரலாறு பெரும்பாலும் நில அளவையாளர், ஆளுகையாளர், முதலாளியர் ஆகியோரின் பெயர்களால் எழுதப்பட்டுள்ளது. 1885இல் வில்லியம் கேமரன் அப்பகுதியை அளந்தார், 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அதனைக் குளிர்மலை வாழிடமாக்கலாம் என முனைந்தார், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அகர்வால் குடும்பத்தார் பாரத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினர். காட்டை வெட்டி, செடி நட்டு, கொழுந்து கிள்ளியோருள் பெரும்பகுதியினர் தமிழர். அவர்களின் பெயர்கள் சம்பளப் பேரேடுகளில் இருந்தன. கொழுந்து தூளாகித் தூள் தேநீரான பின் அதனைப் பிறர்க்கு ஊற்றிக் கொடுத்தோர்க்கு அந்தப் பேரேடும் இல்லை. அவர்களின் வரலாற்றுக்கு எஞ்சியுள்ள சான்று மொழி ஒன்றே.

பானத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 'தேய்ந்த இலை தேயிலை' என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இன்றும் சில வகுப்பறைகளில் உண்டு; அது பிழை. 'தே' என்பது தென்சீனத்து ஹொக்கியன் மொழிச்சொல். அது ஐரோப்பிய வணிகர் வழியே தமிழை அடைந்து, நம் 'இலை'யோடு கூடித் தேயிலையாயிற்று. மலாயில் அதே சொல் சீனர் வழி நேரே வந்து 'தே' ஆயிற்று. ஆகவே கப்பலிறங்கிய தமிழர்க்கு இந்நாட்டில் அயலாகத் தோன்றாத சொற்களுள் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும். அவர்கள் அதனைத் 'தேத்தண்ணி' என்றனர். நம் பாட்டிமார் இன்றும் அவ்வாறே சொல்வர். 'தாரிக்' என்பது மலாயில் இழுத்தல். தமிழர் அதே செயலை 'ஆற்றுதல்' என்பர். மலாய்ச்சொல் கை செய்வதைக் குறிக்கிறது; தமிழ்ச்சொல் அது எதற்காகச் செய்யப்படுகிறது என்பதைக் குறிக்கிறது. சூட்டையும் ஆற்றலாம், சினத்தையும் ஆற்றலாம் என்பது தேநீர்க் கடைக்காரர்க்கு அகராதி பார்த்துத் தெரியவேண்டியதன்று.

பிரிஞ்சாங் வாடிக்கையாளரின் குறையையும் இங்கேயே பார்த்துவிடுவோம். உலர்த்திய தேயிலையைச் சல்லடையில் தரம் பிரிக்கும்போது பெரிய இலைத்துண்டுகள் மேலே நிற்கும்; நுண்ணிய தூள் அடியில் இறங்கும். தூள் விரைவில் சாறு இறக்கிக் கருநிறமும் துவர்ப்பும் தரும். இலை மெல்ல இறங்கும். நிறம் வெளிறி, மணம் மிகுந்திருக்கும். கெட்டிப்பாலும் சீனியும் தாங்கும் தே தாரிக்கிற்குத் தூளே ஏற்றது. மலைத்தோட்டத்துத் தேநீர் மையங்களில் பாலின்றி ஊற்றித் தரும் இலைத்தேநீரைச் சுவைத்துவிட்டு, "இதுவா தேநீர்?" என்று முகஞ்சுளிப்போரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்கள் நாவு தூளில் பழகிய நாவு. அதில் குற்றமொன்றும் இல்லை. அந்த அறியாமைக்குரிய தண்டனையை ஊற்றிக் கொடுத்தவர் ஏற்கவேண்டும் என்பதுதான் பொருந்தாதது.

இனி விளிச்சொற்களுக்கு வருவோம். குடியேற்றவாட்சிக் காலத்து மன்றங்களிலும் ஓய்வு விடுதிகளிலும் பரிமாறுவோர்க்கு ஒரே பெயர்தான்: 'பாய்'. ஐம்பது வயதுடையவரும் பையன்தான். ஐரோப்பியர் இல்லங்களிலும் விடுதிகளிலும் சமையலும் பரிமாறலும் பெரும்பாலும் ஹைனான் சீனர் கையில் இருந்தன. பிற்காலத்தில் அவர்களுள் பலர் வெளியேறித் தமக்கெனக் காப்பிக் கடைகள் திறந்தனர். தமிழில் எழுதும்போது 'பாய்' என்னும் இவ்வடிவம் தமிழ்நாட்டில் முஸ்லிம் கடைக்காரரை அழைக்கும் சொல்லோடும் ஒன்றிவிடுகிறது. அது இந்திச்சொல், பொருள் உடன்பிறந்தான். ஏவலாளும் உடன்பிறந்தானும் ஒரே எழுத்துகளில் அமைந்த விந்தையை மாணவர்க்குக் காட்டலாம். வேர் ஒன்றெனக் காட்டிவிடலாகாது.

தோட்டத்திலோ ஏணி வேறு. மேலே பெரிய துரை, அடுத்துச் சின்னத் துரை, பின் கிராணி, கங்காணி, மண்டோர். 'மண்டோர்' போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது என்பது பலர்க்கு வியப்பளிக்கும். இவ்வேணியின் அடிப்படியில் இருந்தவரை மேலிருந்து அழைக்கப் பெயரே தேவைப்படவில்லை. ஓர் ஒலி போதும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். 'தமிழ் நேசன்' இதழில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது இருந்தது. துரையைக் கண்டவுடன் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை நீக்கவேண்டும் என்பதும் இருந்தது. வயிற்றுக்கான கோரிக்கையோடு இத்தகைய ஒன்றையும் சேர்த்து எழுதிய அம்மக்களைப் பற்றி நம் பாடநூல்கள் இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவிற்கு நாடுகடத்தப்பட்டார்.

துரையிடம் காட்டமுடியாத சினம் எங்கே சென்றது? ஒரு பகுதி வீட்டிற்கு, ஒரு பகுதி கள்ளுக்கடைக்கு, ஒரு பகுதி மளிகைக் கடைக்கும் தேநீர்க் கடைக்கும் சென்றது என்று சொல்வது மிகையாகாது. தோட்டத்துக் கடைகள் கடனில் இயங்கின. 555 என்னும் எண் பொறித்த சிறு குறிப்பேடு மலேசியர் அனைவரும் அறிந்தது. பற்று எழுதும் ஏடாக அது நாடெங்கும் புழங்கியது. சம்பள நாளில் அவ்வேட்டை நடுவில் வைத்து நிகழும் வழக்கு பெரிது. குடித்தது ஐந்து கோப்பை, எழுதியது எட்டு என்பார் ஒருவர். எட்டையும் குடித்துவிட்டு ஐந்து என்கிறார் என்பார் மற்றவர். நேர்மையாகச் சொன்னால், நியாயமின்மை வாடிக்கையாளரிடம் மட்டும் இருந்ததன்று. எழுத்தறியாதவரின் கணக்கை எழுத்தறிந்தவர் எழுதும் இடத்தில் தவறு எப்பக்கம் சாயும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஆயினும் கடைக்காரர் வாய்திறந்து சொல்லத் துணியாததைச் சுவரில் தொங்கவிட்டார்: "கடன் அன்பை முறிக்கும்". தமிழ்க் கடைகளில் நீண்டகாலம் வாழ்ந்த வாசகங்களுள் ஒன்று அது. வாடிக்கையாளர் யாரையும் சுட்டாமல் அனைவரையும் சுட்டும் அதன் இலக்கணத்தைக் கவனியுங்கள். முன்னிலை இல்லை, ஏவல் இல்லை, கடன் என்னும் அஃறிணைப் பொருளே எழுவாய்.

வாய்மொழியில் பிறந்த மற்றொரு தற்காப்பு, பானம் கேட்கும் வாய்பாடு. 'தே ஓ கோசோங்' என்பதில் 'தே'யும் 'ஓ'வும் ஹொக்கியன். பின்னது கறுப்பு என்னும் பொருளுடையது. 'கோசோங்' மலாய், வெறுமை. பாலும் சீனியும் இல்லாத தேநீர் என்பது மூன்று சொல்லில் முடிந்துவிடுகிறது. சாறு கூடுதல் என்றால் 'கௌ'. இனிப்புக் குறைவு என்றால் 'கூராங் மானிஸ்'. கட்டிக்கொண்டு போக 'புங்குஸ்'. இச்சொற்களை இனக்கலப்பின் இனிய சின்னம் என்று மட்டும் போற்றுவதில் எனக்கு முழு உடன்பாடில்லை. வாய்பாடு ஓர் ஒப்பந்தமும் ஆகும். சொல்லப்பட்டது இது, தரப்பட்டது இது என்று பரிமாறுபவர் அதனைப் பற்றிக்கொண்டு நிற்கலாம். எனவேதான் உள்ளே உரத்து அறிவிக்கும்போது அதனை மறுபடி சொல்கிறார். கடை முழுவதும் அதற்குச் சாட்சி.

விளிச்சொல்லுக்கு அத்தகைய சாட்சி இல்லை. தமிழ் உறவுப்பெயர்கள் மலாய்க் கடைவழக்கில் புகுந்து ஆளுக்கொரு வழி சென்றன. 'கடை'யே 'கெடாய்' ஆகி அங்கே உள்ளது. 'மாமா' என்பது 'மாமாக்' ஆகித் தமிழ் முஸ்லிம் கடைக்காரரையும், பின் கடையையே குறித்தது. 'தம்பி' அலுவலகங்களில் ஏவலாளின் பதவிப்பெயராயிற்று. உடன்பிறப்பு பதவியானபோது அன்பு உதிர்ந்துவிட்டது. 'அண்ணே' சற்று மேலான இடம் பெற்றது. சீனரும் மலாய்க்காரரும் தமிழ்க் கடையில் 'ஆனே' என்று விளிப்பதைக் கேட்டிருப்பீர்கள். உறவுச்சொல் வழங்கியதால் உறவு வழங்கப்பட்டதாகக் கொள்ள வேண்டா. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்டோர்க்குத் தனிக்குவளை வைத்தனர். அண்ணன் தம்பி என்ற பேச்சு நிகழ்ந்த அதே பலகையருகே அக்குவளையும் இருந்தது. அதை நீக்கினால் தாம் வரமாட்டோம் என்ற வாடிக்கையாளர்க்கு அஞ்சியே வைத்திருந்ததாகக் கடைக்காரர் சொல்வர். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்த பின்னும் அவ்வழக்கம் பல ஊர்களில் நீடித்தது. நியாயமற்ற வாடிக்கையாளர் என்னும் தொடரை நாம் நகைச்சுவையாகவே பயன்படுத்துகிறோம். அத்தொடரின் அடியில் இதுவும் கிடக்கிறது.

இன்று மலேசியக் கடைகளில் மிகுதியாகக் கேட்பது 'போஸ்'. வாடிக்கையாளர் பரிமாறுவோரை அவ்வாறு விளிக்கிறார். பரிமாறுவோரும் வாடிக்கையாளரை அவ்வாறே விளிக்கிறார். ஏவலாளைக் குறித்த ஆங்கிலச் சொல் போய், முதலாளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வந்துள்ளது. அதுவும் இருதிசையில் செல்கிறது. இதனைப் பணிவின் நாடகம் என்று என் மாணவர் ஒருவர் கூறினார். நான் ஏற்கவில்லை. வயதும் இனமும் சாதியும் கேளாமல் எவரையும் விளிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. தமிழிலும் மலாயிலும் அது கிடைக்காதபோது மக்கள் கிடைத்த சொல்லை எடுத்துக்கொண்டனர்.

பிரிஞ்சாங் கடைக்காரரிடமும் அன்று இச்சொல் இருந்தது. அந்த இளைஞர் மற்ற மேசைகளில் 'போஸ்' என்றே பேசிக்கொண்டிருந்தார். தமிழ்க் குடும்பத்தைக் கண்டதும் 'அண்ணே' என்று மாற்றினார். அச்சொல் தமிழர்க்கு உவப்பானது என்று யாரோ கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். இன்று தேயிலைச் சரிவுகளிலும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் வேலை செய்கின்றனர். லயத்து வீடுகளில் பிறந்தோரின் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு மலையேறி வந்து மேசையின் மறுபக்கத்தில் அமர்கின்றனர். பெற்றுக்கொண்டிருந்த 'டா'வை வழங்கும் இடத்திற்கு நாம் வந்து ஒரு தலைமுறைகூட முழுமையாக ஆகவில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தின் களப்பணிக்கு உங்கள் ஊர்த் தேநீர்க் கடையை மாணவர்க்குக் கொடுங்கள். ஒரு மணி நேரம் அமர்ந்து, யார் யாரை எச்சொல்லால் விளித்தார், இருவர் வயது என்ன, எம்மொழி, பானம் சரியாக வந்தபோது எச்சொல், தவறி வந்தபோது எச்சொல் என்று ஐந்து கட்டங்களில் குறிக்கச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் முன்னரே இசைவு பெறவேண்டும். குடித்ததற்குப் பணமும் கொடுத்துவிட வேண்டும்.