மாலத்தீவு: ஊர்த் தீவிலும் ரிசார்ட்டிலும் பிரித்துத் தங்குதல்

மாலத்தீவு செல்லும் குடும்பங்கள் எல்லா நாட்களையும் ஒரே ரிசார்ட்டில் கழிக்க வேண்டியதில்லை. முதல் சில நாட்கள் மாஃபுஷி போன்று மக்கள் வாழும் தீவில் விருந்தினர் இல்லத்திலும், கடைசி ஒன்றிரண்டு நாட்கள் ரிசார்ட்டிலும் தங்குவதையே நாம் பரிந்துரைப்போம். ஊர்த் தீவில் மது விற்பனை கிடையாது. பாங்கு காதில் விழும், ஜமாஅத்துக்கு நடந்தே போகலாம். ஜும்ஆ அங்கேயே அமையும்படி நாட்களைப் பிரித்துக்கொள்வது நல்லது.

பசுமை வரியும் குறையும்: 2025 முதல் ரிசார்ட்டில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், சிறிய விருந்தினர் இல்லத்தில் 6 டாலர். ஆனால் இடம் மாறும் நாளில் பாதிப் பொழுது படகிலும் காத்திருப்பிலும் போய்விடும். கடல் விமானமோ பகலில் மட்டுமே பறக்கும். கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்றுதான். பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டார் விரைவுப் படகு எட்டும் ரிசார்ட்டையே தேர்வு செய்யட்டும்.