யார் அந்த மாயாவி?

போன வாரம் ஆபீஸ் கேண்டீனில் மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே யாரோ சின்ன வயசில் படித்த காமிக்ஸ் பற்றி ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கொசுவத்திச் சுருளைச் சுற்ற ஆரம்பித்துவிட்டோம். டில்லி ஆபீஸ் என்பதால் எல்லா ஊர் ஆளும் உண்டு.

லக்னோ நண்பர், "எங்க ஹீரோ வேதாள்"ன்னார். கல்கத்தாக்காரர், "அரண்யதேவ் மாதிரி வருமா?"ன்னார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் தம்பி, "நமக்கெல்லாம் மாயாவிதான்"ன்னான். மண்டையோட்டு மோதிரம், வெள்ளைக் குதிரை, கூடவே ஓடும் ஓநாய் என்று அடையாளம் சொல்லிச் சொல்லி, மூணு பேரும் ஒரே ஆளைத்தான் சொல்கிறார்கள் என்று புரியவே அஞ்சு நிமிஷம் ஆச்சு.

நான் சும்மா இருந்திருக்கலாம். "டேய், மாயாவிக்கு ஏதுடா குதிரை? அவருக்கு இரும்புக் கை இல்ல?"ன்னேன்.

"அண்ணே, அது உங்க காலத்து மாயாவி. நான் சொல்றது ராணி காமிக்ஸ் மாயாவி."

உங்க காலமாம்! சாப்பாடு தொண்டையில் சிக்கியது. ஆனால் அவன் சொன்னதில் ஒரு சரித்திரமே இருக்கிறது.

முதலில் குதிரைக்காரர். அமெரிக்காவில் லீ ஃபாக் என்பவர் 1936-இல் பத்திரிகைத் தொடருக்காக உருவாக்கிய ஃபேண்டம்தான் அவர். 1964 மார்ச்சில் பம்பாயின் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது, முதல் இதழிலேயே அவர்தான் நாயகர். ஆங்கிலம், ஹிந்தி என்று பல மொழிகளில் போனார். மூலக்கதையில் அவர் இருந்த இடத்தின் பேர் 'பெங்காலி', எதிரிகளின் பேர் 'சிங்' கொள்ளையர்கள். இங்கே அப்படிப் போட்டால் என்ன ஆகும்! 'டெங்காலி' ஆக்கினார்கள், 'சிங்'கை 'சிங்கா' ஆக்கினார்கள். கல்கத்தா நண்பரின் அரண்யதேவ், ஆனந்தபஜார் பத்திரிகை வழியாக வங்காளிகளின் வீட்டுக்குள் வந்தவர்.

1976-இல் இந்திரஜால் நம்ம ஊர் ஹீரோ ஒருவரையும் கொண்டுவந்தது. ஆபித் சுர்த்தி படைத்த பகதூர். கொள்ளைக்காரனின் மகன், கொள்ளையரை எதிர்த்து ஊரைக் காக்கிறவன். லக்னோ நண்பர் அந்தக் குர்த்தாவையும் ஜீன்ஸையும் சொல்லும்போது முகத்தைப் பார்க்கணும். இந்திரஜால் 1990-இல் நின்றுபோனது.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். 1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். பட்டாசு, தீப்பெட்டி லேபிள், காலண்டர் என்று அச்சு இயந்திரம் ஓயாத ஊர். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. இது அமெரிக்கச் சரக்கு இல்லை. இங்கிலாந்தில் 1962-இல் தொடங்கிய 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையின் தொடர். நாயகன் லூயிஸ் கிராண்டேல், ஆய்வுக்கூட உதவியாளர், வலது கை இருக்கும் இடத்தில் இரும்புக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். எழுதத் தொடங்கியவர் இங்கிலாந்தின் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயினின் ஹெசுஸ் பிளாஸ்கோ, தமிழ் பேச வைத்தது சிவகாசி. இதைப் படித்துவிட்டு பிளக் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய் அம்மாவிடம் முதுகில் வாங்கியவர்கள் எத்தனை பேரோ. நான் ஒருத்தன்.

1984-இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழில் மாடஸ்டி, அப்புறம் ஸ்பைடர். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதினார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதே 1984-இல் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஜேம்ஸ்பாண்டோடு வந்தது. முத்துவில் 'வேதாளர்' ஆக இருந்த ஃபேண்டமுக்கு ராணியில் கிடைத்த பேர்தான் 'மாயாவி'. 2005 வரை ராணி வந்தது. ஆக, மாயாவி என்றதும் உங்களுக்குக் கையா குதிரையா எது ஞாபகம் வருகிறது என்று கேட்டாலே, எந்தப் புத்தகத்தில் வளர்ந்தீர்கள் என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, வடக்கத்தி நண்பர்கள் இருவருக்கும் இரும்புக் கைக்காரரைத் தெரியவே தெரியவில்லை. இங்கிலாந்தில் 'வேலியண்ட்' 1976-லேயே நின்றுபோனது. அதற்கப்புறமும் சிவகாசியில் அவர் மறுபதிப்பாக வந்துகொண்டே இருந்தார். ஒரு மொழிக்காரர்கள் விடாமல் படித்ததால் ஒரு ஹீரோ பிழைத்துக் கிடந்தார். 2010-இல் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' பார்த்தபோதும் இதே கதைதான். மற்றவர்களுக்கு அது ஹாலிவுட் கௌபாய் கிண்டல். எனக்குச் சிவகாசி காகித வாசனை அடித்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ஒரு யோசனை குடைந்தது. என் பெண்ணுக்கு ஏழு வயசு. ஹிந்தி வெளுத்து வாங்குவாள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. என் பழைய கட்டைத்தான் அம்மா எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார். சரி, மறுபதிப்பு வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் புத்தகம் அலமாரியில் இருந்து என்ன? எழுத்து தெரியாத வீட்டில் மாயாவி நிஜமாகவே மறைந்துவிடுவார், இரும்புக் கைகூடத் தெரியாது.

அன்றைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். நாலாவது பக்கத்தில் கேட்டாள்: "அப்பா, கை மட்டும் தெரியுதே, அதைப் பிடிச்சா ஆள் மாட்டிப்பாரே?" நாற்பது வருஷமாக எனக்குத் தோன்றாத கேள்வி! பதில் சொல்லாமல் படத்தில் பெரிதாக இருந்த எழுத்துகளைக் காட்டி, "இது என்னன்னு படி, சொல்றேன்"ன்னேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

"ட... மா... ல்."

தமிழில் அவள் தானாகப் படித்த முதல் வார்த்தை அதுதான். அ, ஆவில் தொடங்கியிருக்கணும் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கட்டும். அடுத்து 'படார்' இருக்கிறது.