மண்ணின் மைந்தர் காலத்து மாட்டுங்கா

பம்பாயில் 1896-இல் பிளேக் நோய் பரவியதையடுத்து, நெரிசல் மிகுந்த பழைய நகரத்திலிருந்து மக்களை வடக்கே குடியமர்த்தும் நோக்குடன் 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அது மனை பிரித்துச் சாலை போட்டு உருவாக்கிய தாதர்–மாட்டுங்கா பகுதியில் 1920களிலும் 1930களிலும் வந்து நிலைகொண்டவர்களில் தமிழ்ப் பிராமணர் கணிசமானோர். ஆங்கிலப் படிப்பும் பிட்மன் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கைவரப்பெற்ற இவர்களுக்கு ரயில்வேயிலும் வங்கிகளிலும் வணிக நிறுவனங்களிலும் எளிதில் வேலை கிடைத்தது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த வகுப்புவாரி உரிமை ஆணை, அதாவது அரசுப் பணியிடங்களைச் சாதி, மத வகுப்புகளுக்குப் பங்கிட்டுத் தரும் ஏற்பாடு, இந்த இடப்பெயர்ச்சிக்குக் காரணம் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அது உண்மைதான் என்றாலும் பம்பாயின் சம்பளம் அதற்குக் குறைந்த காரணமன்று.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த இளைஞர்கள் மெஸ்களில் இலை போட்டுச் சாப்பிட்டு, ஓர் அறையில் பலராகத் தங்கினர். ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளில் மல்லிகைச் சரமும் வாழையிலையும் காப்பிப் பொடியும் கிடைத்தன. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. 1942-இல் ஏ. ராம நாயக் திறந்த ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் இன்றும் நடக்கிறது; உடுப்பி ஓட்டல்காரர்கள் தென் கன்னடத்தைச் சேர்ந்தவர்களே ஒழியத் தமிழர் அல்லர் என்பதை இங்கே குறித்துக்கொள்வது பின்னால் வரும் செய்திகளுக்கு உதவும்.

மாட்டுங்காவின் மேற்கே, ரயில் பாதைக்கு அப்பால், தாராவியின் தமிழர் வேறு வரலாறு உடையவர்கள். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் அங்கே பெருகினர். நீதிக்கட்சியும் சுயமரியாதை இயக்கமும் மாட்டுங்காவுக்கு இழப்பாகத் தெரிந்தபோது தாராவிக்கு நம்பிக்கையாகத் தெரிந்தன. 1940 ஜனவரியில் பம்பாய் வந்து அம்பேத்கரைச் சந்தித்த பெரியாரின் அரசியலை இவ்விரு தமிழரும் ஒரே கண்ணால் பார்த்திருக்க இயலாது. அருகிலேயே இருந்த மாட்டுங்கா லேபர் கேம்ப் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் அம்பேத்கரியமும் கம்யூனிசமும் ஒன்றோடொன்று உரசியும் கலந்தும் வளர்ந்தன. தலித் எழுத்தாளரும் கம்யூனிஸ்ட்டுமான அண்ணாபாவ் சாத்தே அங்கே வாழ்ந்தவர். 1944-இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் அவர் அமைத்த செங்கொடிக் கலைக்குழு, தமாஷா என்னும் மராத்தி நாட்டார் கூத்து வடிவத்தைத் தொழிலாளர் மேடைக்குக் கொண்டுவந்தது.

பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மராத்தி மாநிலம் கோரி 1956-இல் உருவான சம்யுக்த மகாராஷ்டிர சமிதியில் கம்யூனிஸ்ட்டுகள், சோஷலிஸ்ட்டுகள், அம்பேத்கரியர் எல்லோரும் இருந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த அப்போராட்டம் 1960 மே 1-இல் வென்றது. வென்றதும் கூட்டணி கலைந்தது. மாநிலம் கிடைத்தும் அலுவலக நாற்காலி கிடைக்கவில்லை என்ற மனக்குறை மராத்தி நடுத்தர வர்க்கத்தில் எஞ்சியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கருத்துப்பட ஓவியர் பால் தாக்கரே தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், டெலிபோன் டைரக்டரி போன்றவற்றிலிருந்து அதிகாரிகளின் பெயர்களை எடுத்து, தென்னிந்தியப் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும்படி வாரந்தோறும் வரிசையாக அச்சிட்டது. கருத்துப் படம் வரைபவரின் இதழில் படமே இல்லாத அந்தப் பட்டியல்தான் மிகுந்த கோபத்தைக் கிளறியது என்று கருத இடமுண்டு.

1966 ஜூன் 19-இல் தாக்கரேயின் சிவசேனை பிறந்தது. 1961 கணக்கெடுப்பின்படி நகரில் மராத்தி பேசியோர் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர்; தென்னிந்தியரோ பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அந்தச் சிறு பங்கு குமாஸ்தா வேலைகளில் குவிந்திருந்ததால், ‘மண்ணின் மைந்தர்’ என்ற கொள்கைக்கு, அதாவது மாநிலத்தின் வேலைகள் அம்மாநிலத்தவருக்கே என்ற வாதத்துக்கு, அவர்களே முதல் இலக்காயினர். லுங்கியை விரட்டு என்ற முழக்கம் எழுந்தது; மாட்டுங்காவின் குமாஸ்தாவோ பேண்ட் சட்டையில் லோக்கல் ரயில் பிடித்தவர், வீட்டில் வேட்டி கட்டியவர். கல்லெறி விழுந்ததும் பெரும்பாலும் தெருவோரத்து உடுப்பி ஓட்டல்களிலும் ஏழைகளின் கடைகளிலும்தான். 1969 பிப்ரவரியில் கர்நாடகத்துடனான எல்லைத் தகராறை முன்னிட்டு மூண்ட கலவரத்தில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாட்டுங்காவின் அதிகாரி மீது எழுந்த கோபத்துக்கு அவரைவிட மிகவும் வலுக்குறைந்தவர்கள் விலை கொடுத்தார்கள் என்பதே அந்த ஆண்டுகளைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டிய செய்தி.

சேனையின் மற்றோர் எதிரி செங்கொடி. 1967-இல் பரேலில் இருந்த கம்யூனிஸ்ட் அலுவலகம் தாக்கப்பட்டது. 1970 ஜூன் 5-இல் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் கொலையுண்டார். அவரது இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் வாமன்ராவ் மகாடிக் வென்று சேனையின் முதல் சட்டமன்ற உறுப்பினரானார். ஆலைத் தொழிற்சங்கங்களை ஒடுக்க இக்கட்சி பயன்படும் என்று காங்கிரஸ் ஆட்சி கண்டும் காணாமலும் இருந்தது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. முதல்வர் வசந்தராவ் நாயக்கின் பெயரால் ‘வசந்த சேனை’ என்று எதிரிகள் கேலி பேசினர்.

மாட்டுங்கா தெருவில் இறங்கிப் பதில் சொல்லவில்லை. 1963-இல் திறக்கப்பட்ட சண்முகானந்தா அரங்கில் கச்சேரிகள் தொடர்ந்தன. கல்விச் சங்கத்தின் பள்ளிகளும் கல்லூரியும் வளர்ந்தன. அடுத்த தலைமுறை மராத்தி பேசக் கற்றது. இதைக் கோழைத்தனம் என்பதும் முதிர்ச்சி என்பதும் மிகை. படிப்பும் சேமிப்பும் உள்ளவர்களுக்குக் காத்திருப்பது கட்டுப்படியாகும். தாராவியின் கடைக்காரருக்கு அது ஆகாது.

1980களில் சேனை இந்துத்துவத்தின் பக்கம் திரும்பியபோது இலக்கு முஸ்லிம்களுக்கு மாறியது. 1992–93 இந்து–முஸ்லிம் கலவரத்தின்போது தமிழ் இந்துவும் தமிழ் முஸ்லிமும் தாராவியில் வெவ்வேறு பக்கங்களில் நிறுத்தப்பட்டனர். மாட்டுங்காவை அடுத்த சயான் கோலிவாடா தொகுதியில் 2014-இல் பாரதிய ஜனதா சார்பில் வென்ற கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன் 2019-இல் மீண்டும் நின்றபோது, அவரது கட்சியின் கூட்டணியில் சிவசேனையும் இருந்தது.